ஃபியூஸ் யாருக்காக?

1

காருக்கு ஆம்ப்ளிஃபயர் மாட்டித் தரும் கடைகளில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் தடித்த வயரில் ஒரு ஃபியூஸ் வைக்கிறீர்களே, அது எதைக் காப்பாற்ற? "ஆம்ப்பைத்தான்" என்று பதில் வரலாம். நம்மில் பலரும் அப்படித்தான் நினைப்போம். விலை உயர்ந்த பொருள் அதுதானே. ஆனால் பெரும்பாலான ஆம்ப்புகளின் உடம்பிலேயே அவற்றைப் பார்த்துக்கொள்ள குட்டி ஃபியூஸ்கள் சொருகப்பட்டிருக்கும். பேட்டரிப் பக்கம் வைக்கும் பெரிய ஃபியூஸ் வயருக்கானது.

ஒரு சின்ன காரின் பேட்டரி, ஸ்டார்ட்டரை உதைத்துச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட்டை ஒரு நொடியில் கொட்டும் சக்தி அதற்கு உண்டு. பானட்டிலிருந்து டிக்கி வரைக்கும் நாலைந்து மீட்டர் ஓடும் வயர், வழியில் எங்காவது இரும்புத் தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், அவ்வளவு கரண்ட்டும் அதன் வழியே பாயும். ரப்பர் உறை உருகும், கார்ப்பெட்டுக்கு அடியில் தீப்பிடிக்கும். அப்போது அறுந்துபோக ஒரு பொருள் வேண்டும். அதுதான் ஃபியூஸ்.

அதனால்தான் ஃபியூஸை எங்கே வைக்கிறோம் என்பது எத்தனை ஆம்பியருக்கு வைக்கிறோம் என்பதைவிட முக்கியம். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். டிக்கியில், ஆம்ப்புக்குப் பக்கத்தில், பார்க்க அழகாக வைத்தால் நடுவில் ஓடும் வயர் முழுக்கக் காவலில்லாமல் கிடக்கும்.

இந்தத் தொழில்நுட்பச் சங்கதி, ரொம்ப நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஓர் அறக்கேள்விக்கு ஒரு கைப்பிடியைக் கொடுத்தது. என் காசு, என் கார், என் பாட்டு. இதில் மற்றவருக்கு என்ன வேலை? ஆனால் சத்தம் காருக்குள் நிற்பதில்லையே. அது தெருவுக்குப் போகிறது, சுவருக்குள் போகிறது, தூங்குகிறவர் நெஞ்சுக்குள் போகிறது. அதை எங்கே நிறுத்துவது நியாயம்? கேட்பவர் காதிலா, போலீஸ்காரர் கையிலிருக்கும் மீட்டரிலா, இல்லை அதற்கும் முன்னாலா?

2

அம்மாவுக்கு ஊர் தென்னேரி. வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஊரைச் சொன்னாலே ஏரியைத்தான் சொல்வார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் அது ஒன்று. திரையனேரி என்பதுதான் தென்னேரி ஆனது என்பார்கள். திரையன் என்றால், பெரும்பாணாற்றுப்படையின் தலைவனான தொண்டைமான் இளந்திரையன்.

இன்றைக்கு அந்தப் பக்கத்து வாழ்க்கையை இரண்டு விஷயங்கள் இழுக்கின்றன. ஒன்று காஞ்சிபுரம் பட்டு. இன்னொன்று கம்பெனி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-லிருந்து ஹூண்டாய் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான் ஆலை திறந்தது. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் சுற்றுவட்டாரம் முழுக்க. விடியற்காலையிலும் மதியத்திலும் நள்ளிரவிலும் கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கின்றன. ஊர் தூங்கும் நேரம் என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது.

சித்தப்பா தறிக்காரர். வீட்டின் பெரிய கூடமே தறிக்குழிதான். "அப்பா தறியில உக்காந்தா வீடே தறிதான்" என்பான் அவர் மகன். அவன் தறிக்கு வரவில்லை. உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ப்ரெஸ் மிஷினில் நிற்கிறான். போன வருஷம் பழைய ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினான். வாங்கிய மூன்றாவது மாதமே போன் பண்ணினான். "அண்ணா, சப்-ஊஃபரும் ஆம்ப்பும் வாங்கிட்டேன். கடையில ஃபிட்டிங் சார்ஜ் ரொம்பக் கேக்குறாங்க. நீதான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவனாச்சே."

படித்தது எலக்ட்ரானிக்ஸ், செய்வது சாஃப்ட்வேர். நம்மூர் இன்ஜினியர்களின் பொதுவிதி. ஆனாலும் கையில் வயரைப் பிடித்துச் செய்யும் வேலை என்றால் எனக்கு ஆசைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் காருக்கு அடியிலும் டிக்கியிலும் போனது.

3

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் சத்தத்தைப் பற்றிய எல்லா விவாதங்களும் வால்யூமைப் பற்றியே பேசுகின்றன. கருவிக்குள் வால்யூமைத் தவிர வேறு பல முடிவுகளும் எடுக்கப்படுகின்றன.

முதலில் கணக்கு. ஆம்ப் 500 வாட் ஆர்.எம்.எஸ். கிளாஸ்-டி வகை, அதாவது வாங்கும் மின்சாரத்தில் சுமார் 80 சதவீதத்தை ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிட்டு மீதியைச் சூடாக்கி வீணடிக்கும். அப்படியானால் உள்ளே போக வேண்டியது 625 வாட். இன்ஜின் ஓடும்போது வயரிங்கில் இருப்பது சுமார் 13.8 வோல்ட். வகுத்தால் 45 ஆம்பியர். அதற்கு 4 கேஜ் வயர், 60 ஆம்பியர் ஃபியூஸ். தம்பி வாங்கி வைத்திருந்த கிட்டில் வயர் தடிமனாகத்தான் இருந்தது. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. அதே தடிமனில் செம்பு தாங்குகிற அளவுக்கு அது தாங்காது. வாலாஜாபாத் போய் செம்பு வயர் வாங்கி வந்தோம்.

ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் புஷ் போட்டு வயரை உள்ளே விட்டோம். பவர் வயர் காரின் இடப்பக்கம், ஸ்டீரியோவிலிருந்து வரும் ஆர்.சி.ஏ. கேபிள் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் பாட்டில் இரைச்சல் ஏற வாய்ப்பு அதிகம். நீலநிற ரிமோட் வயர் தனி. சாவியைத் திருப்பி ஸ்டீரியோ விழித்தால்தான் ஆம்ப்பும் விழிக்க வேண்டும்; இல்லாவிட்டால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

அடுத்தது எர்த். டிக்கியில் ஒரு போல்ட்டைக் கழற்றி, சுற்றியிருந்த பெயின்ட்டை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்து, லக் வைத்து முடுக்க வேண்டும். எல்லாரும் அலட்சியமாகச் செய்வது இதைத்தான். ப்ளஸ் வயருக்குக் காட்டும் மரியாதையை மைனஸுக்குக் காட்டுவதில்லை. ஆனால் போன கரண்ட் அவ்வளவும் திரும்பி வரவேண்டிய பாதை அது. திரும்பும் பாதை சரியில்லை என்றால் இன்ஜின் வேகம் ஏற ஏற ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம் ஏறும்.

கடைசியில் கெயின். ஆம்ப்பின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் சின்ன திருகு. வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்பிவிடுபவர்கள் அதிகம். ஸ்டீரியோ எவ்வளவு வோல்ட் சிக்னல் அனுப்புகிறதோ அதற்கு ஆம்ப்பின் காதைப் பொருத்திவைப்பதுதான் கெயினின் வேலை. தேவைக்கு மேல் திருப்பினால் ஆம்ப் தன்னால் முடியாத உயரத்துக்கு அலையை எழுப்பப் பார்க்கும். அலையின் தலை வெட்டுப்படும். கிளிப்பிங் என்பது அதுதான். சத்தம் கரகரக்கும், ஸ்பீக்கர் காயில் சூடேறி ஒருநாள் எரியும். அப்படி நடக்காமலிருக்க சில ஆம்ப்புகளில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்து எச்சரிக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸ்பீக்கருக்கு வலித்தால் சொல்ல ஒரு விளக்கு இருக்கிறது. வயருக்கு ஆபத்து என்றால் ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரி வற்றாமலிருக்க ரிமோட் வயர் இருக்கிறது. இந்த அமைப்பின் ஒவ்வொரு உறுப்பும் இன்னொரு உறுப்பின் எல்லையை அறிந்து வைத்திருக்கிறது. தெருவிலிருந்து மட்டும் திரும்பி வரும் வயர் ஒன்றும் இல்லை.

4

சத்தத்தின் கணக்கு நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்று நினைக்கிறோம். கூடுவது 3 டெசிபல். வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு மின்சக்தி பத்து மடங்காக வேண்டும். இந்த வளைகோட்டில் 'போதும்' என்ற புள்ளி எங்கேயும் குறிக்கப்படவில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் மிக அதிகமாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் 500 வாட் வாங்கியவன் ஆறு மாதத்தில் 1,000 வாட் விலையை விசாரிக்கிறான்.

சப்-ஊஃபர் எழுப்பும் ஒலி இன்னும் விசேஷமானது. 40 ஹெர்ட்ஸ் பேஸின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். எங்கள் தெருவின் அகலத்தைவிட அதிகம். பாடுகிறவர் குரலையும் வயலினையும் கார்க் கண்ணாடி ஓரளவு மறித்துவிடும். பேஸை மறிக்காது. ஓட்டு வீட்டுச் சுவரும் மறிக்காது. விளைவு என்னவென்றால், காருக்குள் இருப்பவருக்கு ஒரு முழுப் பாட்டு கிடைக்கிறது. வெளியே இருப்பவருக்கு மெட்டு இல்லை, சொல் இல்லை, வெறும் 'தும் தும்' மட்டும் கிடைக்கிறது. தட்டில் இருந்ததை ஒருவர் சாப்பிட்டுவிட்டு எச்சில் இலையை அடுத்த வீட்டுத் திண்ணையில் வைப்பது போல. இளையராஜாவைப் போட்டாலும் யுவனைப் போட்டாலும் வெளியே வருவது ஒரே இலைதான்.

5

சட்டம் இதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறது, ஓரளவுக்கு.

ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. அதே வருஷம் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு நம்ம சென்னையிலிருந்து போனது. ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கிகளை எதிர்த்து அந்தக் காலனியின் நலச்சங்கம் தொடுத்தது. பிறர் அமைதியைக் குலைத்துத்தான் தொழ வேண்டும், ஆம்ப்ளிஃபயர் வைத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றி இன்னும் விரிவான தீர்ப்பைத் தந்தது. பேசும் உரிமை உண்டு என்பதற்காகக் கேட்க விரும்பாதவரைக் கட்டாயமாகக் கேட்கவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்று அது சொல்லியது. தனியார் சாதனங்களுக்கும் வரம்பு போட்டது: அவரவர் எல்லைக்கோட்டில் அளந்தால் அந்தப் பகுதிக்கான அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

தெளிவான, மதிக்கத்தக்க வரிகள் இவை. ஆனால் சித்தப்பா வீட்டுத் தெருவில் இவை மூன்று இடங்களில் இடறுகின்றன.

முதலாவது, மீட்டர். சட்டம் அளப்பது டெசிபல்-ஏ என்ற அளவில். மெல்லிய சத்தங்களை நம் காது எப்படிக் கேட்கிறதோ அதை ஒட்டிச் செய்த அளவு அது. தாழ்ந்த சுருதிகளை வெகுவாகக் குறைத்து எண்ணும். 40 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 35 டெசிபலைக் கழித்துவிடும். அதாவது, உண்மையில் 90 டெசிபல் அளவுக்கு நெஞ்சைத் தட்டும் ஒரு பேஸ், மீட்டரில் 55 என்று காட்டும். பகல் நேரக் குடியிருப்பு வரம்பும் 55-தான். தம்பியின் சப்-ஊஃபர் சட்டத்தின் கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியில் ஊர்ந்து போய்விடும்.

இரண்டாவது, கடிகாரம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை தூங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட விதி அது. பக்கத்து வீட்டு அக்கா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். இரவு ஷிஃப்ட் வாரத்தில் காலை ஏழரைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி, எட்டரைக்குப் படுத்து, இரண்டு மணிக்கு எழுந்தால் உண்டு. அவருடைய நள்ளிரவு காலை பதினொன்று. அந்த நள்ளிரவுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சட்டம் நடைமுறையில் வேலை செய்ய யாராவது புகார் கொடுக்க வேண்டும். நகரத்து அபார்ட்மென்ட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே போலீஸை அழைக்கலாம். தென்னேரித் தெருவில் அப்படி முடியாது. சித்தியிடம் கருவேப்பிலை வாங்குகிற வீடு அது. ராத்திரியில் அவசரம் என்றால் தம்பியின் காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "என்ன இருந்தாலும் அவன் நம்ம பையன்" என்று சொல்லிவிட்டுத் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வார்கள். புகார் சொல்வதன் விலையைப் பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் அங்கே நிலவும் அமைதி சம்மதம் ஆகாது. ஃபியூஸைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்த கதைதான் இது.

6

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கெயின் வைப்பதற்கு முன்பு, டிக்கியில் உட்கார்ந்தபடி. அவன் சொன்ன பதிலை லேசாகத் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

"அண்ணா, கம்பெனில எட்டு மணி நேரம் ப்ரெஸ் சத்தம். வீட்டுக்கு வந்தா தறி. ஆடி மாசம் வந்தா கோயில் மைக்கு. எலக்ஷன் வந்தா ஆட்டோ மைக்கு. எல்லாரும் என் காதுல ஊத்துறாங்க. யாராச்சும் என்னைக் கேட்டாங்களா? இந்தக் கதவ சாத்துனாத்தான் எனக்குன்னு ஒரு ரூமு. அதுலயும் கையக் கட்டிக்கினு உக்காரச் சொல்றியா?"

வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுத்தாளப் பெண்களுக்குத் தனியறை கேட்டார். தறிக்குழி வெட்டிய கூடத்தில் வளர்ந்தவனுக்கு ஒரு பழைய ஹேட்ச்பேக்தான் தனியறை. அமைதியைப் பற்றி உபதேசம் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ள முடிந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நான் உட்பட. யாருடைய ஒலி சங்கீதம், யாருடைய ஒலி இரைச்சல் என்ற தீர்ப்பை நம் சமூகம் நீண்ட காலமாகக் காதால் வழங்கியதில்லை, சாதியால் வழங்கியிருக்கிறது. பறைக்கு நேர்ந்ததை நினைத்தால் போதும். ஆகவே 'சத்தம் போடாதே' என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. குரலைப் பெரிதாக்கியதால்தான் இந்த மண் மாறியது. தென்னேரிக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து காஞ்சியில் படித்த ராமானுஜர், திருக்கோஷ்டியூரில் குருவிடம் ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே உரக்கச் சொன்னார் என்பது வைணவ மரபு சொல்லும் கதை. காஞ்சிபுரத்தில் 1909-இல் பிறந்த அண்ணாதுரையையும் அவருக்குப் பின் வந்தவர்களையும் மைக் இல்லாமல் யோசிக்க முடியுமா? அதுவரை மேடையில் இடமே இல்லாதவர்கள் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார்கள். மாநிலத்தின் அரசியல் மாறியது. ஆம்ப்ளிஃபயரைத் திட்டும் எந்த அறமும் இந்த இரண்டு பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

7

என்னால் முடிந்த பதில் இது.

கோபுரத்தின் மேல் நின்ற ராமானுஜரின் கதையில், சொல்வதற்கான விலை அவருடையது. குருவின் கட்டளையை மீறினால் நரகம் என்று சொல்லப்பட்டிருந்தது. நான் ஒருவன் போனால் போகட்டும் என்று ஏறினார் என்கிறது கதை. பயன் கீழே நின்றவர்களுக்கு. அண்ணாவின் கூட்டத்துக்கு வந்தவர்கள் பஸ் ஏறியும் நடந்தும் தேடி வந்து உட்கார்ந்தவர்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். எதிர்க் கூட்டம் போடலாம், போட்டார்கள். காரின் பேஸில் இது அப்படியே தலைகீழ். பயன் எழுப்புகிறவனுக்கு, விலை கேட்கிறவருக்கு. எழுந்து போகவும் அவருக்கு இடமில்லை, ஏனென்றால் அவர் ஏற்கெனவே தன் வீட்டில் படுத்திருக்கிறார். கண்ணுக்கு இமை இருக்கிறது. காதுக்கு இல்லை.

ஆகவே சத்தத்தின் அளவை மட்டும் வைத்து நியாயம் பேச முடியாது. பயன் யாருக்கு, செலவு யாருக்கு, கேட்கிறவரால் எழுந்து போகவோ பதில் சொல்லவோ முடியுமா? இந்தக் கேள்விகள் வேண்டும். ஆடி மாதக் கூழ் வார்க்கும் திருவிழாவின் மைக் செட்டை இவற்றின் முன் நிறுத்தினால் பதில் கலவையாக வருகிறது. அது தெருவுடைய விழா. என்ன பாட்டு போடுவது என்று தெருவே சண்டை போட்டு முடிவெடுக்கிறது. அதே சமயம் அந்த அக்காவின் தூக்கமும் போகிறது. எல்லாம் ஒரே பதிலில் அடங்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தம்பியின் வாதத்தில் ஒரு பகுதி எனக்கு முழுச் சம்மதம்: அவனை யாரும் கேட்கவில்லை. அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தின் கணக்கு கம்பெனியோடும் கட்சி ஆட்டோவோடும் தீர்க்க வேண்டியது. அவர்கள்மேல் அவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் இருப்பது பக்கத்து வீட்டுச் சுவரின்மேல் மட்டும். மேலிருந்து வாங்கியதை மேலே திருப்பித் தர முடியாதபோது பக்கவாட்டில் தள்ளிவிடுகிறோம். அந்த அக்காவும் எட்டு மணி நேரம் கம்பெனிக்கு உள்ளே நின்றுவிட்டு வந்தவர்தான். அவருக்குக் கார்கூட இல்லை. எட்டரையிலிருந்து இரண்டு வரைக்குமான அந்தத் தூக்கம்தான் அவருடைய தனியறை.

இங்கேதான் ஃபியூஸ் எனக்கு உதவுகிறது. அது எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது, எது பாதிக்கப்படும் என்பது இல்லை. சக்தி எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான். காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொள், ஜன்னலைச் சாத்திக்கொள், வேண்டுமானால் புகார் கொடு என்பதெல்லாம் வயரின் கடைசி முனையில் ஃபியூஸ் வைக்கும் ஏற்பாடுகள். கட்டுப்பாடு கெயினைத் திருப்பும் கைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இதைச் சொன்னால், அப்படியானால் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். ஃபியூஸ் கரண்ட்டை நிறுத்தும் பொருள் கிடையாது. 60 ஆம்பியர் ஃபியூஸ் வழியே 45 ஆம்பியர் நாள் முழுக்கப் பாயலாம். ஃபியூஸின் அளவைத் தீர்மானிப்பது, நடுவில் இருக்கும் வயர் எவ்வளவு தாங்கும் என்பது. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஓடும் வயர் எது? கருவேப்பிலை, ராத்திரி ஆஸ்பத்திரி, "நம்ம பையன்" என்ற அந்தச் சொல். அது நிறையவே தாங்கும். கல்யாணத்துக்கு மூன்று நாள் மைக் செட் தாங்கும், சாவுக்கு மேளம் தாங்கும். தினமும் காலை பதினொரு மணிக்கு 40 ஹெர்ட்ஸ் என்றால், ஒருநாள் சத்தமே இல்லாமல் உள்ளே உருகியிருக்கும். மேலே கார்ப்பெட் இருப்பதால் நமக்குத் தெரியாது.

8

அன்றைக்குச் செய்தவை சின்னச் சின்ன வேலைகள். சப்-ஊஃபருக்கு மட்டும் தனியாக ஒரு பேஸ் நாப் கிடைக்கும், கிட்டிலேயே இருந்தது. பொதுவாக அதைக் கழற்றிப் பெட்டியிலேயே போட்டுவிடுவார்கள். அதை கியருக்குப் பக்கத்தில், இடது கைக்கு எட்டும்படி மாட்டினோம். கெயினைக் கிளிப்பிங் விளக்கு எரியாத இடத்தில் வைத்தோம். அது ஸ்பீக்கருக்கான எல்லை. தெருவுக்கான எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு வழிதான் இருந்தது. தம்பி காரில் உட்கார்ந்து நாப்பை மெல்ல ஏற்றினான். நான் பக்கத்து வீட்டுத் திண்ணைச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். சுவர் அதிர ஆரம்பித்ததும் கையைத் தூக்கினேன். அந்த இடத்தில் நாப்பில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. பிறகு இடம் மாறி நின்றோம். அவன் கையை வைத்தபோது என் கோட்டுக்கும் கீழே கையைத் தூக்கிவிட்டான். "இங்கயே தெரியுதேண்ணா" என்றான். ப்ரெஸ்ஸில் நின்று பழகிய கைக்கு அதிர்வு சீக்கிரம் தெரிகிறது போல. கோட்டை அழித்து அவன் சொன்ன இடத்தில் போட்டோம்.

ஏரிக்கரைச் சாலைக்குப் போனதும் முழுக்கத் திறந்து கேட்டோம். நன்றாக இருந்தது, அதை மறைப்பானேன். பின் சீட்டிலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஏறும் பேஸுக்கு ஓர் ஆனந்தம் உண்டு. அங்கேயும் ஆளில்லை என்று சொல்லிவிட முடியவில்லை. தண்ணீர் ஓரத்தில் நின்ற நாரைகள் இரண்டு எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன.

வெள்ளைக் கோடு போட்டுவிட்டதால் பிரச்சினை முடிந்தது என்று நான் நினைத்தேன். இன்ஜினியர்களின் நினைப்பு அப்படித்தான் போகும்: ஒருமுறை சரியாக வைத்தால் போதும். அடுத்த வாரம் தம்பி போனில் சொன்னதுதான் வேறு மாதிரி இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அந்த அக்காவைப் பார்த்தபோது, "அக்கா, இந்த வாரம் உனுக்கு எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டிருக்கிறான். அவர் சந்தேகமாகப் பார்த்து, "ஏன்டா?" என்றாராம். "இல்ல, சும்மாதான். பாட்டு போடணும்." அவர் சிரித்துவிட்டு, "ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. மத்தியானம் வரைக்கும் நீ என்ன வேணா பண்ணு" என்றிருக்கிறார்.

அவருடைய ஷிஃப்ட் வாராவாரம் மாறும். கெயினை ஒருமுறை வைத்துவிட்டால் தொட வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கேட்க வேண்டியிருக்கும். சில வாரம் அவன் மறந்துபோவான். அந்த வாரங்களில் அவர் வந்து சொல்வாரா என்பது எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதுவரை இல்லாத ஒரு வழி இப்போது இருக்கிறது. திரும்பி வரும் வயர் அது. அவ்வப்போது பெயின்ட்டைச் சுரண்டி முடுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.